கினிப்பன்றியின் இதயம்

லிமா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

ஆய்வுக்கூடத்தில் ஊசி போடுவதற்காக ஒரு கினிப்பன்றியை, நம் வீட்டில் விருந்துக்குப் பிடிப்பதுபோலவே கழுத்தோடு தூக்கிவிட்டேன்.

"என்னடி, சட்டியில போடப் போறியா?" என்றார் கால்நடை மருத்துவர் செனைடா. மிரண்ட உயிரைச் சோதிக்கக் கூடாதென்று அன்றைய வேலையையே நிறுத்திவிட்டார். பேராசிரியரும் ஊசிகளை எடுத்து வைத்துவிட்டார்.

பிறகு அதை என் நெஞ்சோடு அணைக்கச் சொல்லி, ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிவிட்டார். தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல் அடித்தது அதன் இதயம். என்னால் எண்ணவே முடியவில்லை. நம் அடுப்படியில் ஓடுகிற கினிப்பன்றிகளுக்குள்ளும் இந்தச் சத்தம்தானா, அம்மா?

இங்கே அறை குளிர்கிறது. நீ போர்த்திய சால்வையைத் துவைக்காமல் அனுப்பு. நிறுத்தத்தில் நின்று எழுதுகிறேன், பேருந்து வந்துவிட்டது. நான் வரும் நாளுக்கென்று வளர்க்கிறாயே, அந்தச் செம்பட்டைக் குட்டி, அதை விட்டுவிடு. எனக்கு உருளைக்கிழங்கே போதும்.

உன் யோவானா