ஓடைக்கு வழி

ஜார்ஜ்டவுன், கயானா
9 பிப்ரவரி 1987

அன்புள்ள மிஸ் இந்திராணி,

நலம்தானே? நீங்கள் படகில் அனுப்பிய நாவல்பழ ஒயின் உடையாமல் வந்தது. பாதி எங்கள் அச்சுக்கோப்பவர் வயிற்றில். உங்கள் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியையும் படித்துவிட்டேன். டோவா குருவி அத்தியாயத்தை வாய்விட்டு வாசித்தபோது என் கூண்டிலிருக்கும் டோவா, சார்ஜன்ட்டே பாட்டை நிறுத்திவிட்டான்.

ஒரே குறை, அந்தக் குருவிகள் இருக்கும் ஓடை எதுவென்று நீங்கள் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை குருவிப் பாட்டுப் போட்டியில் பேச்சுவாக்கில் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். கிளப் தலைவர் வின்ஸ்டன் விடவில்லை. "வரைபடம் போடுப்பா, எங்காளுங்க ஒருத்தர் விடாம வாங்குவாங்க" என்றார். பாடநூல் தவிர இங்கே எது விற்கிறது? அந்த ஆர்டரை நம்பித்தான் இருக்கிறேன். வரைந்து அனுப்புங்கள்.

அன்புடன்,
ஹ்யூபர்ட் தோரிங்டன்

பொமெரூன் ஆறு
2 மார்ச்

மதிப்பிற்குரிய மிஸ்டர் தோரிங்டன்,

வரைபடம் இத்துடன் இருக்கிறது. என் வாழ்க்கையில் ஒரே புத்தகம் இது. வெளிவராமல் போனால் தாங்கமாட்டேன். இதற்குமேல் எதுவும் கேட்காதீர்கள்.

இந்திராணி கோபின்

ஜார்ஜ்டவுன்
23 மார்ச்

மிஸ் இந்திராணி,

நீங்கள் காட்டிய இடம் அடர்ந்த சதுப்புக்காடு. அங்கே புல் விதையே கிடையாது, டோவா எதைத் தின்னும்? குருவிக்காரனிடமே கதை விடுகிறீர்களே. என்னை நம்பவில்லை என்பதுதான் வலிக்கிறது.

தோரிங்டன்

பொமெரூன் ஆறு
11 ஏப்ரல்

மிஸ்டர் தோரிங்டன்,

பொய்தான். உங்கள் கோபம் நியாயம். ஆனால் மேலாற்றில் முன்பு இப்படி ஓர் ஓடை இருந்தது. குருவி ஒட்டிக்கொள்ளப் பிசின் தடவிய குச்சியோடு வந்தவர்கள் ஒரே பருவத்தில் எல்லாவற்றையும் வழித்தெடுத்துப் போனார்கள். இப்போது அங்கே தவளைச் சத்தம் மட்டும். "காட்டுல பாடினா யாரும்மா கேக்கப் போறா?" என்று அவர்களில் ஒருவன் என்னிடமே கேட்டான். அவனுக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் புத்தகத்தை எழுதினேன்.

உங்கள் சன்னலிலும் ஒரு கூண்டு தொங்குகிறது. உங்களிடம் எப்படிச் சொல்வேன்? பிரதியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இந்திராணி

ஜார்ஜ்டவுன்
4 மே

அன்புள்ள மிஸ் இந்திராணி,

திருப்பி அனுப்பமாட்டேன், அச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. பொய் வரைபடம் என் அச்சகத்தில் ஏறாது, அதனால் வரைபடமே இல்லை. வின்ஸ்டனிடம் சொல்லிவிட்டேன். ஆர்டர் போயிற்று. போன ஞாயிறு போட்டி மைதானத்தில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பள்ளிக் கணக்குப் புத்தகத்துக்கு வாங்கியதில் மிஞ்சிய காகிதத்தில் கொஞ்சம் பிரதிகள் அடிக்கிறேன். தாள் மட்டம்தான், மன்னியுங்கள்.

உங்களைக் கேட்காமல் ஒரு காரியமும் செய்தேன். இடிந்த மர அறுவை மில்லின் புகைபோக்கி, அதன் உச்சியில் முளைத்த நாவல் மரம் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன். புத்தகத்திலேயே அழகான வாக்கியம் அதுதான். முதல்முறை அழகில் மயங்கி இடத்தைக் கவனிக்கவில்லை, உங்கள் கடிதத்துக்குப் பிறகு மறுபடி படித்தபோது பகீரென்றது. கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே விட்டிருக்கிறீர்கள். அந்தப் புகைபோக்கியைத் தெரிந்த குருவிக்காரன் நேரே போய் இறங்குவான். எனக்குத் தெரியும். சார்ஜன்ட்டைப் பிடித்தது அங்கேதான்.

ஹ்யூபர்ட்

பொமெரூன் ஆறு
6 ஜூலை

அன்புள்ள ஹ்யூபர்ட்,

புத்தகம் வந்தது. அந்த வாக்கியம் இல்லாத பக்கத்தைப் பார்த்துவிட்டு அழுதேன். மறுநாள் ஓடைக்குப் போனேன். குருவிகள் எல்லாம் இருக்கின்றன, நன்றாகப் பாடுகின்றன.

அடுத்த மாதம் புல்லில் விதை பிடித்துவிடும், அப்போது வாருங்கள். வழி எழுதவில்லை, உங்களுக்குத்தான் தெரியுமே. சார்ஜன்ட்டையும் கூட்டி வாருங்கள். திரும்பும்போது கூண்டு மட்டும் உங்களோடு வரட்டும்.

இந்திராணி