லேபில் தொங்கிய ஏலக்காய் மாலை

ஜூலை 14, திங்கள்
காலையிலிருந்து சாரல். சாயங்கால சயின்ஸ் கிளப் திறப்பு விழா. பதினோரு பிள்ளைகள். புது மைக்ரோஸ்கோப் இரண்டு, ஏலக்காய்க் கடை முதலாளி உபயம். தன் கடைக் காயில் கட்டிய மாலையை ஹெச்.எம். கழுத்தில் போட்டார். அந்தம்மா அதை லேபிலேயே மாட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வருடமும் கிளப் செலவு தன்னுடையது என்றார் முதலாளி. அதாவது கிளப்புக்கென்றே வைத்த டீச்சரான எனக்கும் வேலை உண்டு. அப்பாடா.
வாங்க: ஃபில்டர் பேப்பர், நூல், தலைவலி மாத்திரை.

ஜூலை 16, புதன்
கலப்படச் சோதனை. வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவரச் சொன்னால் எல்லாம் மிளகாய்த்தூள். ரஞ்சிதா மட்டும் வெறுங்கை. ப்ளஸ் ஒன். அம்மாவுக்கு முதலாளி கடையில் காய் தரம் பிரிக்கிற வேலை. லேபில் தொங்கிய மாலையிலிருந்து நாலு காய் பிய்த்துத் தண்ணீரில் போட்டாள். தண்ணீர் பச்சையாகிவிட்டது. மூன்று தடவை செய்து பார்த்து எழுதி வைத்தாள், நான் சொல்லிக் கொடுத்தபடியே.
"மிஸ், சாயம் போட்ட காய் மிஸ்!"
எல்லாரும் கைதட்டினார்கள். சனியனுக்கு வேறு காயே கிடைக்கவில்லையா?

ஜூலை 17, வியாழன்
யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். முதலாளி போன்.
"டீச்சர், பாடம் சொல்லிக் குடுக்கச் சொன்னா என் கடைய நோண்டச் சொல்லிக் குடுக்குறீகளா? நாளைக்கு வர்றேன். தப்புன்னு அந்தப் புள்ள வாயாலயே சொல்லணும்."
சரிண்ணே, சரிண்ணே என்றேன். வெட்கமெல்லாம் இல்லை, பயம்தான். சாப்பிடவில்லை.

ஜூலை 18, வெள்ளி
ரஞ்சிதாவைத் தனியே கூப்பிட்டேன். டம்ளரைச் சரியாகக் கழுவவில்லை என்று சொல்லச் சொன்னேன்.
"நல்லாத்தான் கழுவுனேன் மிஸ்."
"உங்கம்மா எந்தக் கடையில வேலை பாக்குது?"
சாயங்காலம் எல்லார் முன்னாலும் ரஞ்சிதா கை கட்டிக்கொண்டு அப்படியே சொன்னாள். முதலாளி அவள் தலையைத் தடவினார். "தப்புப் பண்ணாத்தான் ஆத்தா அறிவு வளரும்." கைதட்டலை நான்தான் ஆரம்பித்து வைத்தேன். மழை இல்லை.

ஜூலை 21, திங்கள்
நல்ல வெயில். ஊசல் சோதனை. ஒரு மீட்டர் நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டு, ஒரு முறை போய்வர எவ்வளவு நேரம் என்று அளக்க வேண்டும். ரஞ்சிதா வரமாட்டாள் என்று நினைத்தேன். வராவிட்டால் தேவலை என்றும். வந்தாள். நூலைத் தொடவில்லை. நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.
"என்னடி, ஆரம்பி."
"எவ்வளவு வரணும்னு சொல்லுங்க மிஸ், எழுதிக்கிறேன்."
கிண்டல் இல்லை. நிஜமாகத்தான் கேட்டாள்.
இரண்டு செகண்ட் என்றேன்.