நாற்காலிக்குப் பொத்தான் போட்ட கை

அன்பு மகளுக்கு, நான் சொல்லச் சொல்ல, ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்த மாடிவீட்டுத் தையல்காரம்மா எழுதுகிறார். இங்கே சாப்பாடும் தூக்கமும் குறைவில்லை, நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். சந்தை எரிந்துபோய், அடுத்து வந்த மழையில் பள்ளிக்கூடச் சுவரும் சரிந்து, பஸ் நிலையத்தை ஆற்றுப்பக்கம் மாற்றினார்களே, இதே வருஷம்தான் எனக்கும் உன் மாமனாருக்கும் பக்கவாதத்தில் வலது கை விழுந்தது. அதிலும் அவர்தான் முந்திக்கொண்டார். ஒரே சாரத்தில் நின்று சுவர் பூசிய காலத்திலேயே என் பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு வேகம் கூட்டுகிற ஆள், நோயிலாவது எனக்கு வழி விட்டிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுக்கிற அம்மா எங்கள் இருவருக்கும் நல்ல கையை உறையில் கட்டிவிட்டு, விழுந்த கையால் சட்டைப் பொத்தான் போடச் சொல்கிறார். மூளையில் ஒரு நரம்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே இணைப்பு இருக்கிறதாம், "திரும்பத் திரும்பச் செஞ்சா அது வலுவாகும், விட்டுட்டா தளந்துடும் தாத்தா" என்றார். உன் மாமனார் போன மாதமே மேலிருந்து கீழ்வரை போட்டு முடித்தார். அதை வீடியோவில் பார்த்துவிட்டு நீ, "மாமாவைப் பாத்துக் கத்துக்கோங்கப்பா" என்று போனில் சொன்னாய். சொன்னது தப்பில்லை, எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நீ வரும்போது நானே பொத்தான் போட்ட சட்டையோடு வார்டு வாசலில் நிற்க வேண்டும் என்று அப்போதே முடிவு கட்டினேன். அவருக்குத் தெரியாமல் எங்கள் கட்டில்களுக்கு நடுவே உள்ள திரையை இழுத்துவிட்டு, சட்டையை நாற்காலி முதுகில் மாட்டி, காலையும் மாலையும் பழகினேன். விரல் முதலில் மரக்கட்டை மாதிரி இருந்தது, அப்புறம் ஓட்டையைத் தானாகத் தேடிப் போனது. நாற்காலி முழுச்சட்டையும் போட்டுக்கொண்டது. அதே சட்டையை நான் மாட்டிக்கொண்டு அந்த அம்மா முன்னால் நின்றேனா, ஒரு பொத்தான்கூட ஏறவில்லை. விரலுக்கு இடம் வலம் தெரியவில்லை. விஷயத்தைக் கேட்டு அவர் சிரித்துவிட்டு, "எதைப் பழகுறீங்களோ அந்த இணைப்புதான் வலுவாகும், எதிர்ல இருக்கிற சட்டைக்கு ஒண்ணு, உங்க நெஞ்சுல இருக்கிறதுக்கு வேற" என்றார். பக்கத்துக் கட்டிலில் உன் மாமனாருக்குப் புரையேறிவிட்டது. "டேய், நாற்காலிக்கு மாப்பிள்ளை அலங்காரமாடா பண்ணிட்டு இருந்தே?" என்றார். நர்சு வரைக்கும் சிரித்தார்கள்.

சிரித்து முடித்து எழுந்து வந்தார். அவருக்குக் கழுத்துப் பொத்தான் மட்டும் இன்னும் வசப்படவில்லை, வீடியோவில் காலரை மடித்து மறைத்திருக்கிறார், இன்னொரு முறை போட்டுப் பார். மோவாயைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் நின்று, "என்னையும் நாற்காலின்னு நெனச்சுக்கோ, போடுடா" என்றார். ஒரே தள்ளில் போட்டேன். அதை மட்டும் யாரும் வீடியோ எடுக்கவில்லை.

இப்போது சட்டையை மாட்டிக்கொண்டே முதலிலிருந்து பழகுகிறேன். நேற்று நடுப்பொத்தான் ஏறியது. நீ வருவதற்குள் எல்லாம் ஏறுமோ தெரியவில்லை, ஏறாவிட்டால் ஏறிய வரைக்கும் பார்த்துக்கொள். மாப்பிள்ளையை வண்டி மெதுவாக ஓட்டச் சொல். உங்கள் மூவருக்கும் நோய்நொடி அண்டாமல் நிறைந்த ஆயுசு இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, வந்ததும் முதலில் என்னிடம் வா, அப்புறம் அவரிடம் போ. அவரை ரொம்ப நேரம் காக்க வைத்துவிடாதே. என்னை டா போட்டுக் கூப்பிட உயிரோடு மிச்சம் இருப்பது உன் மாமனார் ஒருத்தர்தான்.

இப்படிக்கு,
வலது கட்டைவிரலாலேயே ரேகை வைத்த
உன் அப்பா