வெந்தய வாசனை

என்னங்க,

பால் ஊற நீங்கள் அனுப்பிய வெந்தய மாத்திரைகள் தீர்ந்துவிட்டன. ஆபரேஷன் தையல் ஆறிவிட்டது. பால்தான் இன்னும் போதவில்லை, என் உடம்பில் வாசனை மட்டும் ஏறிவிட்டது. "அண்ணி வர்றதுக்கு முன்னாடியே அஞ்சறைப்பெட்டி வந்துடுது" என்கிறாள் உங்கள் தங்கை. சிரித்துவிட்டு, குளியலறைக்குள் போய் அழுதேன்.

டாக்டர் புட்டிப்பாலும் கொடுக்கச் சொன்னார். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி, இதில் ஃபெயில். கலக்கக் கை கூசியது. அத்தைதான் கலக்கிக் கொடுத்தார்.

நேற்று புட்டியைக் குடித்து முடித்தும் பாப்பா வீறிட்டாள். நான் கூசிப்போய்த் தள்ளியே நின்றேன். அத்தை வெந்தயம் மணக்கும் என் அழுக்குத் துண்டைத் தோளில் போட்டு அவளைச் சாய்த்துக்கொண்டார். கப்சிப். "அம்மாவத்தான்டி தேடியிருக்கு!"

கை நீட்டி அவளை வாங்கிக்கொண்டேன்.

மாத்திரை அனுப்ப வேண்டாம். இந்த வாசனை போவதற்குள் நீங்கள் வாருங்கள்.

உங்கள் மகளின் அம்மா