கண்ணாடிக்கடை ரெஃப்ரி

ஜூலை 14

கண்ணாடிக்கடைக்காரருக்கு,

நலம். அங்கும் நலமாகத்தான் இருக்கும். உங்களுக்கு ஒரு தும்மல் வந்திருந்தால்கூட உங்கள் அண்ணன் ஊருக்கே தண்டோரா போட்டிருப்பார்.

இதைக் குடும்பக் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாடிக்கையாளர் எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கல்லூரிப் பெண்கள் அணி இந்த வருடம் கால்பந்து லீகில் ஆடுகிறது. முன்வரிசையில் ஒரு பெண் இருக்கிறாள். பந்து அவள் காலோடு ஒட்டிக்கொண்டே வரும். ஆனால் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் கோல் போஸ்ட் எது, கோல்கீப்பர் எது என்று தெரியாது. தோழிகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் சோடாபுட்டி. நேற்றுப் பயிற்சி ஆட்டத்தில் இரண்டு பேரைத் தாண்டிப் போய், அழகாக எதிரணிப் பெண்ணுக்கே பந்தைக் கொடுத்தாள். ஏன் என்று கேட்டால், "நம்ம ஜெர்சி மாதிரி இருந்துச்சு மேடம்" என்கிறாள். எங்களுடையது நீலம், அவர்களுடையது மஞ்சள்.

அவளுக்குத் தலைக்குப் பின்னால் பட்டை போட்டு மாட்டும் விளையாட்டுக் கண்ணாடி ஒன்று வேண்டும். உடையாத லென்ஸாக இருக்கட்டும். டாக்டர் எழுதிய சீட்டை உள்ளே வைத்திருக்கிறேன். பில்லும் அனுப்புங்கள்.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் பேசினால் நமக்குள் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் ஒருவர் முடிக்கிறவரை இன்னொருவர் குறுக்கே பேச முடியாது. எனக்கு அது வசதியாக இருக்கிறது.

இன்னொரு விஷயம். எங்கள் ஆட்டம் எதற்கும் நீங்கள் ரெஃப்ரியாக வந்து நிற்க வேண்டாம். வீட்டில் நீங்கள் சொன்ன தீர்ப்புகளே எனக்குப் போதும்.

இப்படிக்கு,
பெண்கள் அணிக் கோச்


ஜூலை 23

கோச் அம்மாவுக்கு,

கண்ணாடியைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மூக்குப் பக்கம் ரப்பர் வைத்திருக்கிறது. முதல் இரண்டு மூன்று நாள் அதைப் போட்டுக்கொண்டு சும்மா ஓடச் சொல். உடனே தலையால் பந்தை முட்ட வேண்டாம், தூரம் பிடிபடாது. பில் உள்ளே இருக்கிறது. எல்லா வாடிக்கையாளருக்கும் தரும் தள்ளுபடியைத்தான் கழித்திருக்கிறேன். அதிகமாகக் கழித்தால் பெண்டாட்டிக்குச் சலுகை என்றாகிவிடும். கழிக்காமல் விட்டால் பழிவாங்குகிறேன் என்பாய்.

உன் ஆட்டங்களுக்கு வரமாட்டேன். சொந்தக்காரர்கள் இருக்கும் அணிக்கு ரெஃப்ரியை அனுப்பக்கூடாது என்று கால்பந்துச் சங்கத்திலேயே விதி இருக்கிறது. நீ சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

எனக்கு இதுதான் கடைசி சீசன். வயது வரம்பைத் தொட்டுவிட்டேன். இத்தனை வருடமாக விசில் ஊதியும் இறுதி ஆட்டம் ஒன்றுகூட என் கைக்கு வந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். இந்த வருடம் நிச்சயம் உங்களுக்குத்தான் என்று செயலாளர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். மற்றபடி மைதானத்தில் வழக்கமான மரியாதைதான். போன சனிக்கிழமையும் ஒருவன், "யோவ் ரெஃப்ரி, கண்ணாடி போடுய்யா!" என்று கத்தினான். கண்ணாடிக் கடை வைத்திருப்பவனைப் பார்த்து. அடுத்த முறை கடை அட்டையை நீட்டலாமா என்று யோசிக்கிறேன்.

வீட்டில் தீர்ப்புச் சொன்னேன் என்கிறாய். நான் எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. இருக்கிறது என்றேன். அவ்வளவுதான்.

ரெஃப்ரி


ஆகஸ்ட் 30

கண்ணாடிக்கடைக்காரருக்கு,

சும்மா சொல்லக்கூடாது, கண்ணாடி நன்றாக அமைந்துவிட்டது. சோடாபுட்டி அதை மாட்டிக்கொண்டு மைதானத்தின் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "மேடம், போஸ்ட்ல வலை இருக்கு!" என்றாள். இரண்டு வருடமாக அந்த வலைக்குள்தான் அடித்துக்கொண்டிருக்கிறாள். முதல் ஆட்டம் தோல்வி. அடுத்தது டிரா. அதற்கப்புறம் வரிசையாக ஜெயித்துக்கொண்டு வந்தோம். பட்டியலில் எங்களுக்குக் கீழேயும் நாலைந்து கல்லூரிகள் இருக்கின்றன என்பதை எங்கள் பிரின்சிபாலால் இன்னும் நம்ப முடியவில்லை.

"அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு என்று நான் சொல்கிறேன். உங்கள் அண்ணன் வீட்டு ஹாலில், உறவுக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, "பொம்பளை கிரவுண்டுல நின்னு கத்திக்கிட்டிருந்தா அது ஒரு குடும்பமா?" என்று அவர் கேட்டார். நான் பதில் சொன்னேன். அதன் பிறகு எல்லாரும் உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் இரண்டு கையையும் விரித்து, "அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, இவ சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்றீர்கள். எனக்கு அன்றைக்கு நியாயம் தேவைப்படவில்லை. என் பக்கத்தில் நிற்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த மாதமே இந்த வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு இங்கே வந்துவிட்டேன்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். நேற்று எங்களுக்கு எதிராக அநியாயமாக ஒரு பெனால்டி கொடுத்தார்கள். எங்கள் கேப்டனை வக்கீல் என்று கூப்பிடுவோம், எதற்கெடுத்தாலும் வாதாடுவாள். அவள் முகத்துக்கு நேராகப் பந்து வேகமாக வந்தது. பாவம், பயந்து கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். பந்து கையில் பட்டுவிட்டது. உடனே விசில், பெனால்டி, கோல், தோல்வி. பிள்ளைகள் பஸ்ஸில் சாப்பாட்டுப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்கவில்லை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் கையைத் தூக்கத்தானே செய்வார்கள்? நீங்களே சொல்லுங்கள்.

கோச்


செப்டம்பர் 8

கோச் அம்மாவுக்கு,

கையைத் தலைக்கு மேல் தூக்கினாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். கை தோளுக்கு மேலே போய் பந்து பட்டால், பயந்து தூக்கினாளா வேண்டுமென்று தூக்கினாளா என்று பார்க்க மாட்டார்கள். ரெஃப்ரி செய்தது சரி. நானாக இருந்தாலும் பெனால்டிதான் கொடுத்திருப்பேன்.

அண்ணன் விஷயத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

உன்னுடைய பழைய ஸ்பைக்ஸ் ஷூ இங்கேயே இருக்கிறது. தோல் வெடித்துவிடக்கூடாது என்று அவ்வப்போது எண்ணெய் தடவி வைக்கிறேன். வேண்டுமென்றால் அனுப்புகிறேன். வேண்டாம் என்றால் இங்கேயே இருக்கட்டும், இடத்தை அடைக்கவில்லை.

ரெஃப்ரி


செப்டம்பர் 17

ரெஃப்ரிக்கு,

பெனால்டி சரிதான். எனக்குத் தெரியாதா? அந்த விதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவளே நான்தான். அன்றைக்கே வக்கீலைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் முகம் கிழிந்தாலும் கையைத் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் கேட்டது விதியை இல்லை. "பாவம், பிள்ளைங்க" என்று ஒரு வரி எழுதியிருந்தால் உங்கள் விசிலை யாரும் பிடுங்கிக்கொண்டு போயிருக்க மாட்டார்கள். கேட்டது என் புத்திக்குறைவு. விடுங்கள்.

அரையிறுதிக்கு வந்துவிட்டோம். ஷூ வேண்டாம்.

கோச்


அக்டோபர் 20

கோச் அம்மாவுக்கு,

அரையிறுதிக்கு வந்ததில் சந்தோஷம். இதை நான் யாரும் சொல்லாமலேதான் எழுதுகிறேன்.

ஒரு சிக்கல். நேற்று செயலாளர் போன் செய்தார். இறுதி ஆட்டம் எனக்குத்தான் என்று முடிவாகிவிட்டது. கொஞ்சம் இழுத்துவிட்டு, "உங்க வீட்டம்மா டீமும் பைனலுக்கு வரும்போல இருக்கே?" என்றார். ஆமாம் என்றேன். "நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா இருக்கறதா கேள்விப்பட்டேன். அப்படின்னா பிரச்சனை இல்ல. எனக்கும் அந்த டீமுக்கும் சம்பந்தம் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் நல்லது நினைத்துத்தான் சொல்கிறார். மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். இதை விட்டால் அடுத்த வருடம் என்று ஒன்று எனக்கு இல்லை.

மைதானத்தில் ஒரு நொடியில் முடிவெடுக்கிற ஆள் நான். இதில் என்ன சொல்வதென்று தெரியாமல் கடையில் ஒருவருக்கு வேறொருவருடைய கண்ணாடியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். என்ன சொல்லட்டும், நீயே எழுது.

ரெஃப்ரி


அக்டோபர் 24

ரெஃப்ரிக்கு,

நேற்று அரையிறுதியில் ஜெயித்துவிட்டோம். சோடாபுட்டி இரண்டு கோல். ஒன்று தலையால். உங்கள் ரப்பர் தாங்கியது.

இந்தக் கேள்விக்கும் என்னையே தீர்ப்புச் சொல்லச் சொல்கிறீர்கள். முதலில் கோபம் வந்தது. இரண்டாவது முறை படித்தபோது கோபம் இல்லை. நீங்கள் அந்த ஆட்டத்துக்காக எத்தனை வருடம் காத்திருந்தீர்கள் என்பதை உங்களைவிட நான் அதிகம் பார்த்திருக்கிறேன். சீசன் முடியும்போதெல்லாம் சாப்பாட்டு மேஜையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது என் எதிரில்தானே. அதனால் சம்பந்தம் இல்லை என்றே சொல்லிவிடுங்கள். அதில் பெரிய பொய்யும் இல்லை. நான் எந்தப் புகாரும் சொல்லமாட்டேன். நீங்கள் எங்களுக்கு எதிராக விசில் ஊதினால் அது சரியாகத்தான் இருக்கும், அது எனக்கு நன்றாகவே தெரியும்.

உங்கள் பதிலை எனக்கு எழுத வேண்டிய அவசியம் இல்லை. மைதானத்தில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

கோச்


நவம்பர் 10

என்னங்க,

இறுதி ஆட்டத்தின் முடிவைச் செய்தித்தாளில் பார்த்திருக்க வேண்டியதில்லை, நீங்கள்தான் அங்கேயே இருந்தீர்களே. ஆனாலும் என் பக்கத்திலிருந்து என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

உங்களிடமிருந்து பதில் வராததால் நீங்கள்தான் விசிலோடு வருவீர்கள் என்று நினைத்திருந்தேன். கை கொடுக்கும்போது என்ன பேசுவது, எங்கே பார்ப்பது என்றெல்லாம் பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன். நடுவட்டத்தில் யாரோ ஒரு சின்னப் பையன் வந்து நிற்கிறான். உங்களுக்கு உடம்புக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். செயலாளரிடம் ஓடிப் போய்க் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்மா. 'அது என் பொண்டாட்டி டீம் சார், என்னைப் போடாதீங்க'ன்னு ஒரே வார்த்தையா சொல்லி வச்சுட்டாரு" என்றார். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆட்டத்தின் ஒரே கோலை நாம் வாங்கியது எப்படி என்று என்னைக் கேட்டால் தெரியாது. நான் ஆட்டத்தையே பார்க்கவில்லை.

இரண்டாம் பாதியில்தான் எனக்கு உயிர் வந்தது. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் வக்கீல் ஒரு பந்தைத் தூக்கிப் போட்டாள், சோடாபுட்டி பாய்ந்து போய் வலைக்குள் அடித்தாள். எல்லாரும் எழுந்து குதித்தோம். பார்த்தால் லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கி நிற்கிறார். ஆஃப்சைடு. கோல் இல்லை.

அப்போதுதான் கேலரியின் ஓரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "யோவ் ரெஃப்ரி! எதுய்யா ஆஃப்சைடு? கண்ணு தெரியலையா? அந்தப் பொண்ணுக்குக் கண்ணாடி போட்டதே நான்தான்யா! கடைக்கு வா, உனக்கும் ஒண்ணு சும்மாவே போட்டு விடறேன்!" இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்தக் குரல் அவ்வளவு சத்தமாக வந்து நான் கேட்டதே இல்லை. திரும்பிப் பார்த்தேன். பெஞ்சு மேலே ஏறி நின்றுகொண்டிருந்தீர்கள். சட்டை ஒரு பக்கம் வெளியே வந்திருந்தது. பக்கத்தில் இருந்தவர் உங்கள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கப் பார்த்தார். நீங்கள் உட்காரவில்லை.

அது ஆஃப்சைடுங்க. நான் கோட்டுக்கு நேராக நின்றிருந்தேன். சோடாபுட்டி கடைசித் தடுப்பாட்டக்காரியைவிட நன்றாகவே முன்னால் இருந்தாள். நீங்களும் அதே கோட்டுக்கு நேராகத்தான் உட்கார்ந்திருந்தீர்கள், உங்கள் கண்ணுக்குத் தப்பியிருக்காது. தெரிந்தேதான் கத்தினீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தோற்றதற்காக அழுகிறேன் என்று நினைத்துப் பிள்ளைகள் எல்லாரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

பரிசு கொடுத்து முடிந்ததும் தேடினேன், நீங்கள் போயிருந்தீர்கள். பஸ்ஸில் பிள்ளைகள், "யாரு மேடம் அந்த அங்கிள்? நமக்காக அந்தக் கத்து கத்துனாரு?" என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் என்றேன். வக்கீல்தான் மெதுவாக, "மேடம், அவருக்கு ஆஃப்சைடுனா என்னன்னு தெரியுமா?" என்றாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறைதானே. காலை ரயிலில் வாருங்கள். வரும்போது ஷூவை எடுத்து வாருங்கள். குவார்ட்டர்ஸ் வாசலில் யாராவது அந்தக் கோலைப் பற்றிக் கேட்பார்கள், பிரின்சிபால்கூடக் கேட்பார். அது ஆஃப்சைடு இல்லை என்றே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தோற்ற அணியின் கோச்