பட்டாளம் படிக்காத பெயர்

ஹாலோபி
16 அக்டோபர் 1968

அன்பு மகள் மவ்ரீனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம், அப்பாவின் பஞ்சு மில் இருமல் மட்டும் அவரை விட்டுப் போவதாக இல்லை. அந்த ஆஸ்திரேலிய வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம்தானே.

நம் பட்டாளத்தை அடுத்த ஊர்ப் பட்டாளத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஞாயிறன்று பழைய பட்டாளக் கொடியை நம் மாதா கோயிலில் கொண்டுவந்து நிரந்தரமாகத் தொங்கவிட்டார்கள். இருநூறு வருடப் பெருமை என்று கர்னல் அரை மணி பேசினார். கொடியில் தங்க நூலால் பெயர் தைத்திருக்கும், பட்டாளம் சண்டை போட்ட இந்திய ஊர்களும் ஆப்பிரிக்க ஆறுகளும் யாரோ குடியிருந்த இடங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. போய்ச் செத்தவர்கள் நம் மில் தெருப் பையன்கள் என்றும் சொல்லவில்லை. பிறகு வழக்கம்போல் இறந்தவர் பெயர்களைப் படித்தார்கள். உனக்குத்தான் தெரியுமே, ஒவ்வொரு பெயருக்கும் வீட்டார் எழுந்து "இங்கே" என்று சொல்ல வேண்டும், வீட்டில் ஆளில்லாதவனுக்குப் பட்டாளமே மொத்தமாகச் சொல்லும். பெஷாவரில் போலோ ஆடிக் குதிரையிலிருந்து விழுந்து செத்த கேப்டனுக்குக்கூடக் கோயில் அதிர "இங்கே" என்றார்கள். உன் அண்ணன் கீத்தின் பெயர் மட்டும் இந்தப் பதினைந்தாவது வருடமும் இல்லை. கென்யாவில் ஊர்க்காரர்களின் குடிசைகளுக்குத் தீ வைக்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றான், ராணுவச் சிறையில் காய்ச்சல் வந்து செத்தான். போன மாதம் கர்னலிடம் கேட்டேன். "அவன் சண்டையில சாகலையேம்மா" என்றார். "குதிரை மட்டும் சண்டை போட்டுச்சாக்கும்" என்றேன்.

இனி இந்தக் கோயிலில் பெயர் படிக்கப்போவதில்லை. கடைசிப் பெயர் முடிந்ததும் எழுந்துவிட்டேன். அப்பா என் கோட்டைப் பிடித்து இழுத்து "உக்காரு ஐரீன், ஊரே பாக்குது" என்றார். பார்க்கட்டும் என்றுதானே எழுந்தேன். "கீத் டக்வொர்த்" என்று உரக்கக் கூப்பிட்டேன். கூப்பிட்டவரே பதில் சொல்லக்கூடாது, காத்து நின்றேன். அவனோடு ஒரே கூடாரத்தில் படுத்தவர்கள் நாலு பேர் முன்வரிசையில் இருந்தார்கள். எல்லாரும் தங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயர்கள் முடிந்ததும் எக்காளம் ஊத வேண்டிய ஸ்டான் மட்டும் ஊதாமல் என்னைப் பார்த்தபடி நின்றான், கர்னல் முறைத்த பிறகுதான் ஊதினான். வெளியே வந்ததும் கர்னல், "மிஸஸ் டக்வொர்த், இது அதுக்கான இடமில்லை" என்றார். "பின்ன எது சார் இடம், அந்தச் சிறையா?" என்று கேட்டேன். கசாப்புக் கடைக்காரர் மனைவி நேற்று என்னைப் பார்த்ததும் தெருவின் அந்தப் பக்கம் போய்விட்டாள். போகட்டும்.

அடுத்த அக்டோபரில் புதுப் பட்டாளம் அடுத்த ஊர்க் கோயிலில் பெயர்களைப் படிக்குமாம். பஸ் பிடித்துப் போய் அங்கேயும் கூப்பிடுவேன். அப்பாவால் அன்று எழுந்திருக்க முடியவில்லை, அவரைக் குறை சொல்லி எழுதாதே, வீட்டுக்கு வந்து அழுதார். குழந்தைக்குக் கம்பளிச் சட்டை தனியாக அனுப்புகிறேன், தோய்த்துவிட்டுப் போடு. நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். கப்பல் டிக்கெட்டுக்கு வழி பார், மவ்ரீன். நீ வந்தாலும் வராவிட்டாலும் நான் கூப்பிடத்தான் போகிறேன். வந்தால் அவனுக்கு "இங்கே" என்று சொல்ல ஒரு தங்கை இருப்பாள்.

உன் அம்மா,
ஐரீன் டக்வொர்த்