சகலைக்கு நான் சொன்ன இன்சூரன்ஸ்

ஞாயிறு, இரவு.

வேலாயுதம் ஆகிய நான், மனம் அடங்காததால் இதை எழுதுகிறேன். கழுகுமலையிலிருந்து சகலை குருசாமி வந்திருந்தார். என் மனைவியின் தங்கையுடன் பாலித் தீவுக்குப் போகிறார். கடலுக்கடியில் இறங்கி மீன் பார்ப்பார்களாம்.

"அண்ணாச்சி, பொடி எழுத்தையெல்லாம் நீங்கதான் படிப்பீய. எந்த இன்சூரன்ஸ் எடுக்கட்டும்?" என்றார்.

அதற்குள் என் மனைவி, "இவிய என்னைக் குத்தாலத்துக்கே ஆபீஸ் டூருலதான் கூட்டிட்டுப் போனாவ" என்றாள். சகலை சிரித்தார்.

விலை குறைந்த திட்டத்தில் கடலுக்கடியில் நேரும் விபத்துக்கு இழப்பீடு கிடையாது என்பதைப் படித்திருந்தும், பொறாமையில் அதையே காட்டி, "இதுவே போதும்" என்றேன். அங்கே மூச்சுத் திணறினால்? உடன் இறங்குபவள் என் மைத்துனி.

பொறாமை இன்னும் தீரவில்லை. ஆயினும் அவர் பணம் கட்டுவதற்கு முன், விடிந்ததும் அழைத்து, கடலுக்கடி விபத்துக்கும் இழப்பீடு தரும் மற்றொரு திட்டத்தைச் சொல்வேன். முதலில் சொன்னது தவறு என்பதையும், மனைவி கேட்கும்படி, ஸ்பீக்கரில் போட்டுச் சொல்வேன்.